டாங்க் மாடலில் கேமோ நிறம் ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிளாஸ்டிக் டாங்க் மாடலுக்குக் கேமோ (எதிரி கண்ணுக்குத் தப்பப் பூசும் உருமறைப்பு நிறம்) அடித்து முடித்துவிட்டு "நிறம் சரியில்லை" என்று சொல்கிறோமே, அது மூன்று கோளாறுகளில் ஏதோ ஒன்றாக இருக்கும். வண்டியின் வருடத்துக்கும் பூசிய நிறத்துக்கும் பொருத்தம் இல்லாமல் இருக்கலாம். பார்க்கிற வெளிச்சம் ஏமாற்றலாம். அல்லது பெயிண்ட் விழுந்த விதமே கெட்டிருக்கலாம். முதலாவதுதான் அதிகம். ஆனால் எல்லோரும் கடைசியில் இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட்டு, இன்னொரு புட்டி வாங்க ஓடுகிறார்கள். வேலூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புட்டியைச் சென்னையிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்க வேண்டும். வந்து சேர்கிற ஒரு வாரத்தில் மாடல் மேல் இருக்கிற ஆசையே போய்விடும். அதனால் வருடம், வெளிச்சம், பெயிண்ட் என்ற வரிசையில் பாருங்கள். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

பெட்டியில் போட்ட நிறத்தையே அடித்தேன். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள்

வருடம் இடிக்கிறது. ஜெர்மன் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் இரண்டாம் உலகப் போரின் ஆறு வருடங்களில் அவர்கள் நிற உத்தரவை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

போர் தொடங்கும்போது அடர்சாம்பல், அதன்மேல் மூன்றில் ஒரு பங்குக்கு அடர்பழுப்பு. 1940 ஜூலை கடைசியில் பழுப்பை நிறுத்திவிட்டு வெறும் சாம்பல். ஆப்பிரிக்காவுக்கு 1941 மார்ச்சில் தனி உத்தரவு: மஞ்சள்பழுப்பு ரால் 8000 (ரால் என்பது ஜெர்மன் நிற அட்டை, அதன் எண் இது), அதன்மேல் சாம்பல்பச்சை ரால் 7008. 1942 மார்ச்சில் அதுவும் மாறி ரால் 8020, ரால் 7027 என்று ஆனது. 1943 பிப்ரவரி 18-இல் வந்த உத்தரவோடு எல்லா முனைகளுக்கும் அடர்மஞ்சள்தான் அடிப்படை. பச்சையும் செம்பழுப்பும் பசையாக டின்னில் படைப்பிரிவுகளுக்கே போனது, அவர்களே அடித்துக்கொண்டார்கள். 1944 ஆகஸ்டில் அந்த வேலை திரும்பவும் தொழிற்சாலைக்கு வந்தது.

இப்போது உங்கள் வண்டியை இதில் பொருத்திப் பாருங்கள். பான்தர் முதலில் சண்டைக்குப் போனது 1943 ஜூலையில், குர்ஸ்கில். சாம்பல் பான்தர் அழகாக இருக்கலாம், ஆனால் குர்ஸ்க் வண்டி என்று எழுதி வைத்தால் நிற்காது. கிங் டைகர் 1944-இல்தான் களத்துக்கே வந்தது. அதற்குச் சாம்பல் அடிக்கவே இடமில்லை. டைகர்-1 வண்டிக்கு உண்டு, 1942-இல் லெனின்கிராட் பக்கம் முதலில் இறங்கியவை சாம்பலில்தான் இறங்கின.

வருடம் தெரியவில்லை என்றால் மாடல் கிட் தானே சொல்லும். மேற்பரப்பில் சிமெண்ட் பூச்சு மாதிரி வரிவரியாக சிமெரிட் இருந்தால், வண்டி 1943 பிற்பகுதிக்கும் 1944 செப்டம்பருக்கும் இடையில் தயாரானது. சிமெரிட் உள்ள உடம்பில், 1944 கடைசியில் துரு நிற ப்ரைமரை (அடிப்பூச்சை) அங்கங்கே வெளியே தெரியவிட்டு அடித்த கேமோவைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும். டிகால் (வண்டியில் ஒட்டும் எண்கள், சின்னங்கள்) தாளையும் பாருங்கள்: படைப்பிரிவும் முனையும் அதில்தான் இருக்கும். டிகாலை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வழக்கம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பான்சர் சாம்பல் கறுப்பாகவே தெரிகிறது

போர் தொடக்கத்து அடர்சாம்பலான ரால் 7021 உண்மையிலேயே கறுப்புக்குப் பக்கத்து நிறம்தான். இன்றைய ரால் அட்டையிலும் அந்த எண் இருக்கிறது. வேலூரில் கலர் மிக்சிங் மெஷின் வைத்திருக்கிற பெயிண்ட் கடையில் அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். கண்ணுக்குப் பழகிய போர்க்கப்பல் சாம்பல் வேறு, இது வேறு.

ஆனால் சின்ன மாடலில் அதை அப்படியே பூசினால் விவரம் எல்லாம் விழுங்கப்படும் என்பதும் நிஜம். இதற்குத் "தூரத்துக் காற்று நிறத்தை வெளுக்க வைக்கும், அதை மாடலிலும் காட்ட வேண்டும்" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 1/35 மாடலை (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) ஓரடி தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ வண்டியைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். பத்து மீட்டரில் எந்த மூடுபனியும் இல்லை. காரணம் வெளிச்சம். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும், வீட்டு ஹாலில் சில நூறு. நிஜ வண்டி வெயிலில் நின்றது, நம்முடையது ஷெல்ஃபில் நிற்கிறது. அந்தக் குறையைத்தான் பெயிண்டில் ஈடு கட்டுகிறோம்.

ஈடு கட்டும்போது வெள்ளையை ஊற்றாதீர்கள். இந்தச் சாம்பலில் நீலம் ஒளிந்திருக்கிறது. வெள்ளை சேர்த்தால் அது வெளியே வந்து வண்டி கடற்படைக்குப் போய்விடும். டாமியா கம்பெனியின் எக்ஸ்.எஃப்.63 சாம்பல் என்றால் எக்ஸ்.எஃப்.57 பஃப் (வெளிர் மஞ்சள்பழுப்பு) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். இதே விதி மற்ற நிறங்களுக்கும் உண்டு. செம்பழுப்பில் வெள்ளை போட்டால் ரோஸ் வரும், அடர்மஞ்சளைப் போட்டு இளக்குங்கள். பச்சைக்கு மஞ்சளோ பஃப்போ.

இன்னொன்று: 1939 போலந்து, 1940 பிரான்ஸ் வண்டி என்றால் பழுப்புத் திட்டுகளை மறக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்தச் சாம்பலும் பழுப்பும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் விழும். அதனால்தான் பல காலமாக எல்லோரும் அவற்றை வெறும் சாம்பல் என்றே அடித்துவந்தார்கள்.

அடர்மஞ்சள் ஒரு நாள் மஞ்சளாகவும் ஒரு நாள் பச்சையாகவும் தெரிகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலில் வெளிச்சத்தைச் சோதியுங்கள். மாடலை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணி வாக்கில் திண்ணை நிழலுக்கு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம். அங்கே சரியாகத் தெரிந்தால் பெயிண்டில் தவறில்லை, உங்கள் அறை விளக்குதான் விளையாடுகிறது. பழைய டியூப்லைட் பச்சையைத் தூக்கும், மஞ்சள் எல்.இ.டி. பல்பு பச்சையை அமுக்கும். இரண்டு வேறு கம்பெனிப் புட்டிகள் வெயிலில் ஒன்றுபோலவும் விளக்கில் வேறாகவும் தெரிவது இதனால்தான்: உள்ளே இருக்கும் நிறமிகள் வேறு வேறு. ஒரு வண்டிக்கு அடிப்படை நிறத்தை ஒரே கம்பெனியில் முடித்துவிடுவது நல்லது.

நிழலிலும் தவறாகத் தெரிந்தால், அடியில் என்ன ப்ரைமர் இருக்கிறது என்று பாருங்கள். சாம்பல் ப்ரைமர் மேல் மெல்லிசாக அடித்த மஞ்சள் பச்சையாகத்தான் தெரியும். மெல்லிசாக இன்னொரு கோட் கொடுத்தால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு, "சரியான" அடர்மஞ்சள் எது என்று சண்டை போடுவது வீண். ரால் 7028 என்கிற அந்த எண் இன்றைய பொது ரால் அட்டையில் கிடையாது, அதனால் கடையில் போய் ஒப்பிட முடியாது. மேல் நிறங்களான ரால் 6003 பச்சையும் 8017 செம்பழுப்பும் அட்டையில் இருக்கின்றன, அவற்றை ஒப்பிடலாம். போர்க்களத்தில் அந்தப் பசைகளைத் தண்ணீரிலும் கரைத்தார்கள், பெட்ரோலிலும் கரைத்தார்கள். எதில், எவ்வளவு கரைத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பச்சை கெட்டியாகவும் விழுந்தது, மஞ்சள் தெரியும்படி மெல்லிசாகவும் விழுந்தது. ஒரே படைப்பிரிவைச் சேர்ந்த இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வேறாக இருந்தால் அது தவறே இல்லை.

பாலைவன பிரிட்டிஷ் டாங்கில் வானநீலம் வந்திருக்கிறது

1940–41 வட ஆப்பிரிக்க மடில்டாவை எடுத்தவர்களுக்கு இது வரும். நேர்கோடுகளால் கூராக வெட்டிய அந்தக் கேமோவுக்குக் கான்டர் முறை என்று பெயர், பிரிகேடியர் கான்டர் பெயரால். 1940 டிசம்பர் 9-இல் நிபேவா முகாமை 4-ஆம் இந்திய டிவிஷன் தாக்கியபோது முன்னால் போனவை இந்த மடில்டாக்கள்தான், ஆகவே நம்மூர்க்காரர்கள் ஆசையாக எடுக்கிற வண்டி.

பழைய கிட் தாள்கள் பலவற்றில் ஒரு பட்டையை வெளிர்நீலமாக அடிக்கச் சொல்லியிருக்கும். இங்கிலாந்து போவிங்டன் அருங்காட்சியகத்திலேயே மடில்டா அப்படி நீலமாக நின்ற காலம் உண்டு. அதைப் பார்த்துப் படம் எடுத்தவர்கள், அந்தப் படத்தைப் பார்த்து கிட் செய்தவர்கள் என்று நீலம் பரவிவிட்டது. உண்மையில் அந்த இடத்தில் வர வேண்டியது சில்வர் கிரே, பச்சை கலந்த வெளிர்சாம்பல். அடிப்படை லைட் ஸ்டோன் அல்லது போர்ட்லேண்ட் ஸ்டோன், இருண்ட பட்டை ஸ்லேட்.

அடித்து முடித்துவிட்டீர்களா? முழுதும் கழற்ற வேண்டாம். நீலப் பட்டையை மட்டும் திறந்து விட்டு, அதைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, வெளிர்சாம்பலில் துளி பச்சையும் துளி மஞ்சளும் சேர்த்து மேலே அடியுங்கள். இந்த முறையில் கரை கூர்மையாக இருக்க வேண்டும் என்பதால் டேப் இங்கே நமக்குச் சாதகம்.

ஆலிவ் டிராப் ஒன்று பழுப்பாகிவிடுகிறது, இல்லை பாசிப் பச்சையாகிவிடுகிறது

அமெரிக்க ஆலிவ் டிராபின் அடிப்படைக் கலவை மஞ்சள் காவியும் கறுப்பும்தான். பச்சை நிறமி அதில் தேவையே இல்லை. கறுப்பு மஞ்சளோடு சேரும்போது தானாகவே பச்சை தெரியும். இது தெரிந்தால் வேலூரிலேயே வேலையை முடிக்கலாம். லாங் பஜார் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் யெல்லோ ஆக்கரும் கறுப்பும் வாங்கி, மஞ்சளில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கறுப்பில் மஞ்சளை விட்டால் புட்டி காலியாகும்வரை விட வேண்டியிருக்கும். ட்யூப் அக்ரிலிக்கின் நிறமி கொஞ்சம் கரடு என்பதால் ஏர்பிரஷில் அடைக்கும். பிரஷ்ஷால் இரண்டு மூன்று மெல்லிய கோட் கொடுங்கள்.

பச்சையாகத் தெரியும் வண்டி பிரிட்டனில் தயாரானதா என்றும் பாருங்கள். அவர்கள் 1944 ஏப்ரலிலிருந்து எஸ்.சி.சி.15 என்று தங்கள் சொந்த ஆலிவுக்கு மாறினார்கள், அது அமெரிக்கத்தைவிடப் பச்சை. சர்ச்சில், குராம்வெல் என்றால் அந்தப் பச்சை சரிதான். அதற்கு முன்னால் எஸ்.சி.சி.2 பழுப்பு. அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்மன்கள் பெரும்பாலும் வந்த நிறத்திலேயே ஓடின.

சோவியத் 4பிஓ பச்சைக்கும் இதே மனநிலை வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளிப் பச்சையாக அடிக்காமல் ஆலிவ் பக்கம் சாயுங்கள், அவ்வளவுதான்.

கேமோ கரைகள் பொம்மை வண்டி மாதிரி இருக்கின்றன

ஜெர்மானியர்கள் ஸ்ப்ரே கன்னால் அடித்தார்கள், கரை மங்கலாக இருக்கும். ஆனால் எவ்வளவு மங்கல்? நிஜ வண்டியில் ஐந்து சென்டிமீட்டர் மங்கல் என்று வைத்தால் 1/35-இல் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 1/72-இல் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. நாம் ஏர்பிரஷ்ஷைத் தள்ளிப் பிடித்து அரை அங்குலத்துக்கு மங்கலாக்கிவிடுகிறோம். பொம்மைத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. 1/72-இல் ஏர்பிரஷ்ஷை வைத்துவிட்டு நல்ல நுனியுள்ள பிரஷ்ஷால் கரையை வரைவதே நிஜத்துக்குப் பக்கம். 1/35-இல் அழுத்தத்தைக் குறைத்து, பெயிண்டை இன்னும் கரைத்து, நெருங்கிப் பிடியுங்கள்.

மேற்பரப்பு சொரசொரவென்று, நிறமும் வெளுத்துப்போய்

கத்திரி வெயிலில் வேலூரில் மாடல் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். நாற்பது டிகிரியில் அக்ரிலிக் நாசிலிலிருந்து கிளம்பி மாடலைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். பெயிண்ட் விழாமல் பவுடர் விழும். பவுடர் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நிறம் ஒரு படி வெளுப்பாகத் தெரியும். நிறம் தப்பு என்று நினைத்துக் கறுப்பு சேர்க்கிறோம். கறுப்பைத் தொடாதீர்கள். ஈரத்துணியால் ஓர் ஓரத்தை நனைத்துப் பாருங்கள்: நனைத்த இடத்தில் சரியான நிறம் தெரிந்தால் கோளாறு ஸ்ப்ரேயில்தான்.

அதற்கு வழி: விடியற்காலையில் அடியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சில சொட்டு சேருங்கள். டாமியா அக்ரிலிக் என்றால் அவர்களுடைய லாக்கர் தின்னரில் கரைத்தால் நன்றாகப் படியும். ஆனால் ஹார்ட்வேர் கடை என்.சி. தின்னரை அந்த இடத்தில் பயன்படுத்த வேண்டாம். அது மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைக்கும், ரிவெட் எல்லாம் போய்விடும். ஏற்கெனவே சொரசொரப்பாகிவிட்டால், முற்றும் காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்துவிட்டு ஒரு மெல்லிய கோட்.

ஐப்பசி, கார்த்திகையில் நோய் தலைகீழாகும். மழை ஈரத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் படலம் படியும். மழை விட்ட நாளில் அதே வார்னிஷ்ஷை ரிடார்டர் சேர்த்து மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வார்னிஷ்ஷால் நிறம் மாறுவது வேறு விஷயம்: கிளாஸ் (பளபளப்பான வார்னிஷ்) அடித்தால் இருளும், மேட் (பளபளப்பில்லாதது) அடித்தால் வெளுக்கும். இடையில் பார்த்து முடிவு செய்யாமல், கடைசி மேட் கோட் வரை பொறுங்கள்.

புழுதி பூசியதும் கேமோ ஊர் மாறிவிட்டது

காட்பாடி மலையடிவாரச் செம்மண்ணைச் சலித்து வண்டிக்குப் பூசுவது செலவில்லாத நல்ல வேலைதான். ஆனால் அதே மண்ணைக் குர்ஸ்க் பான்தருக்குப் பூசினால் எவ்வளவு சரியான மஞ்சள் அடித்திருந்தாலும் தப்பாகத் தெரியும். குர்ஸ்க் கரிசல் பூமி. அங்கே ஈர மண் கறுப்பு, உலர்ந்தது சாம்பல்பழுப்பு. பஞ்சாப் களத்துக்கு வெளிர் வண்டல், ராஜஸ்தானுக்கு மணல். செம்மண்ணின் இடத்தில் பாலாற்று மணலை மாவாக அரைத்து, தேவைக்கேற்ப கரித்தூள் கலந்தால் பெரும்பாலான களங்களுக்கு ஒப்பேற்றலாம். புழுதியை ஆல்கஹாலில் கரைத்துப் பூசியிருந்தால் அதே ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து எடுக்கலாம். அடியில் மேட் வார்னிஷ் இருந்தால் கேமோவுக்குச் சேதம் குறைவு. அக்ரிலிக் நிறத்தையும் ஆல்கஹால் எடுக்கும் என்பதால் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

தாத்தா ஓட்டிய வண்டி. அவர் சொல்லும் நிறமும் படத்தில் இருக்கும் நிறமும் ஒத்துப்போகவில்லை

வேறு ஊர்க்காரர்களுக்கு அரிதாக வரும் சிக்கல். நம் பக்கம் வரும், ஏனென்றால் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்த ஊர்கள் இங்கே உண்டு. 1965 பாகிஸ்தான் போரில், அசல் உத்தரில் சென்சூரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ்.13 எல்லாம் நம் பக்கம் நின்றன. 1971-இல் பசந்தரில் சென்சூரியன். ஆவடியில் தயாரான விஜயந்தாவை ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்.

படத்தை எளிதில் நம்பாதீர்கள். குடியரசு தின அணிவகுப்புப் படம் என்றால் அது விழாவுக்குப் புதிதாகப் பூசிய வண்டி. நினைவுச் சின்னமாக ஊர் ஊராக நிற்கும் பேட்டன்களும் விஜயந்தாக்களும் நின்ற இடத்திலேயே பலமுறை பெயிண்ட் வாங்கியவை. அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) டாங்க் அருங்காட்சியகத்தில் வண்டியின் அளவையும் வடிவத்தையும் பார்க்கலாம். நிறத்துக்கு அதைச் சாட்சியாக எடுக்க மாட்டேன். போர்க்களத்திலேயே எடுத்த படம் இருந்தால் அதுதான் முதல் சாட்சி, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் சரி: ஒரே நிறமா, திட்டுத் திட்டா, மண் பூசியிருக்கிறதா என்பதாவது அதில் தெரியும்.

தாத்தாவிடம் "என்ன நிறம்?" என்று கேட்டால் "பச்சைதாம்பா" என்பார், அதோடு முடிந்துவிடும். கேள்வியை மாற்றுங்கள். எந்த வருஷம், எந்த இடம், வண்டி வரும்போதே அந்தப் பெயிண்டா, நீங்களே அடித்தீர்களா, மேலே சேறு பூசினீர்களா, வலை போட்டிருந்தீர்களா? நான் கேட்ட ஒரு பெரியவர் சொன்னது: "இன்னா பெயிண்ட்டு வந்துச்சோ அத்தத் தாம்பா அடிச்சோம், மேல சேத்த வாரி பூசிக்கினோம்." சேறு பூசியது எந்த வண்ண அட்டையிலும் இருக்காது, மாடலுக்கு அதைவிட நல்ல தகவலும் கிடையாது.

அப்புறம் ஐந்தாறு பிளாஸ்டிக் ஸ்பூன்களில் ஆலிவை வெவ்வேறு அடர்த்தியில் அடித்து, மேட் வார்னிஷ்ஷும் போட்டு, பகலில் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கையில் கொடுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆகாதவர் என்றால் அவர் கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள். அவர் எடுத்துக் காட்டுகிற ஸ்பூனின் பின்னால் கலவை விகிதத்தையும், அவர் சொன்ன வருடத்தையும் இடத்தையும் பேனாவால் எழுதிவிட்டு, அதே கலவையை முழு வண்டிக்கும் போதுமான அளவு ஒரே தடவையில் கலக்கி ஒரு சின்ன புட்டியில் ஊற்றி மூடிவிடுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது.